பூந்தமல்லி ஓனரும் வெள்ளைக்கார வாடகைதாரரும்: 113 வருஷ ரெண்ட் தகராறு

சென்னையின் கதையைப் பெரும்பாலும் ஜார்ஜ் கோட்டையிலிருந்துதான் ஆரம்பிப்பார்கள். ஆகஸ்ட் 22 வந்தால் போதும், பிரான்சிஸ் டே வந்தார், மணல் திட்டை வாங்கினார், கோட்டை கட்டினார் என்று ஒரே பாட்டு. இதில் 'வாங்கினார்' என்ற சொல்தான் எனக்கு உறுத்தும். கிழக்கிந்தியக் கும்பினி மதராசபட்டினத்தை விலைக்கு வாங்கவில்லை. வருமானத்தில் பங்கு தருகிறேன் என்று சொல்லி வாடகைக்குப் பிடித்தது. 1639-இல் தொடங்கிய அந்தக் குடித்தனம் 1752 வரை, மொத்தம் 113 வருஷம், வாடகைக் குடித்தனமாகவே இருந்தது.

அந்த 113 வருஷத்தில் பெரும்பகுதி வாடகை கேட்கும் ஆள் உட்கார்ந்திருந்த ஊர் எது தெரியுமா? நம்ம பூந்தமல்லி. அதனால் இந்தக் கதையைக் கடற்கரையிலிருந்து பார்க்காமல், மேற்கே பூந்தமல்லிப் பக்கமிருந்து பார்க்கலாம் என்று நினைத்தேன். அம்பத்தூர், ஆவடி, பூந்தமல்லி வட்டாரத்தில் இருக்கும் நமக்கு இது ஒருவகையில் வீட்டுக்கதை. அப்படிப் பார்க்கும்போது வீரதீரப் போர்களாக எழுதப்பட்ட பல விஷயங்கள், ஓனருக்கும் வெளிநாட்டு வாடகைதாரருக்கும் இடையே முற்றிப்போன தகராறுகளாகத் தெரிய ஆரம்பிக்கின்றன.

முதல் அக்ரிமென்ட்

1639-இல் இந்தக் கடற்கரை விஜயநகர அரசின் கீழ் இருந்த தாமர்ல நாயக்கர்களின் பொறுப்பில் இருந்தது. அண்ணன் தம்பிகளில் வேங்கடாத்ரி நாயக்கர் வந்தவாசியில். அய்யப்ப நாயக்கர் பூந்தமல்லியில். கும்பினி ஆளான டேயோடு பேச்சுவார்த்தை நடத்தி விஷயத்தை முடித்துக் கொடுத்ததில் அய்யப்ப நாயக்கருக்கு முக்கியப் பங்கு உண்டு. அவர்கள் அப்பா சென்னப்ப நாயக்கர் பெயரில்தான் சென்னப்பட்டினம் வந்தது என்பது எல்லோருக்கும் தெரிந்ததே.

நாயக்கருக்கு இதில் என்ன லாபம்? துறைமுகம் இல்லாத வெறும் மணல்வெளியில் ஒரு வெளிநாட்டு வியாபாரி வந்து உட்கார்ந்தால் நெசவாளர் வருவார்கள், செட்டிகள் வருவார்கள், சுங்கம் வரும், பாரசீகக் குதிரைகளும் வரும். காலி மனையில் பெரிய கம்பெனி வந்தால் சுற்றுவட்டார மனை விலையே ஏறும் என்று நம்மவர்கள் இன்றைக்குப் போடுகிற அதே கணக்குதான்.

அக்ரிமென்ட்டின் சாராம்சம் இது. முதல் இரண்டு வருஷம் ஊரின் வருமானம் முழுவதும் கும்பினிக்கு. அதன் பிறகு சுங்க வருமானத்தில் ஆளுக்குப் பாதி. நாணயம் அடிக்கும் உரிமை கும்பினிக்கு. கோட்டை விஷயத்தில் ஒரு விசித்திரமான ஏற்பாடு: நாயக்கர் தன் செலவில் கட்டத் தொடங்குவார், கட்டி முடித்து ஆங்கிலேயர் உள்ளே வரும்போது அந்தச் செலவைத் திருப்பித் தர வேண்டும்.

சாஃப்ட்வேர் வேலையில் இருப்பவர்களுக்கு இந்த மாதிரி வாக்கியத்தைப் பார்த்தாலே வயிற்றைக் கலக்கும். எவ்வளவு செலவு, யார் கணக்கு, எந்த அளவில் கட்டடம், எதுவும் இல்லை. 1640 பிப்ரவரியில் டேயும் ஆண்ட்ரூ கோகனும் ஆட்களோடு வந்து இறங்கியபோது சிக்கல் வெளியே வந்தது. நாயக்கர் பணம் போடுவார் என்று நம்பி வந்தவர்களுக்கு அப்படி ஒன்றும் நடக்கவில்லை. கும்பினி தன் காசிலேயே கட்ட ஆரம்பித்தது. லண்டனில் இருந்த டைரக்டர்கள் இந்தச் செலவைப் பார்த்து எரிச்சலானார்கள். கோட்டை கட்டியதற்காகக் கோகன் பின்னால் அவர்களுக்குப் பதில் சொல்ல வேண்டியிருந்தது.

இந்த ஒரு விஷயத்தை ஞாபகம் வைத்துக்கொள்ளுங்கள். வாடகை இடத்தில் வாடகைதாரர் தன் காசில் மதில் எழுப்பிவிட்டார். மண் ஓனருடையது, சுவர் குடியிருப்பவருடையது. இதன் பிறகு 'காலி பண்ணு' என்று சொல்வது வெறும் வாய் வார்த்தையாகிவிடும். சுவருக்குள் இருப்பவரிடம் பீரங்கியும் இருக்கிறதே!

ஓனர் மாறிக்கொண்டே இருந்தால்?

பாதி சுங்கம் என்ற ஏற்பாடு சரியாக நடக்க வேண்டுமானால் ஓனர் ஒருவராக இருக்க வேண்டும். அதுதான் நடக்கவில்லை.

1642-இல் ஸ்ரீரங்க ராயர் பட்டத்துக்கு வந்தார். தாமர்ல சகோதரர்களோடு அவருக்கு ஒத்துப்போகவில்லை. நாயக்கர்கள் செல்வாக்கு இழந்ததும், கும்பினி ஆளான கிரீன்ஹில் 1645-இல் நேராக ராயரிடமே போய்ப் புதுச் சாசனம் வாங்கிக்கொண்டார். அடுத்த இரண்டு வருஷத்துக்குள் கோல்கொண்டாப் படை மீர் ஜும்லா தலைமையில் இந்தப் பகுதியைப் பிடித்துவிட்டது. 1647-இல் மீர் ஜும்லாவிடமிருந்து இன்னொரு உறுதிச்சீட்டு. எட்டு வருஷத்தில் மூன்று ஓனர்.

1656-இல் நிலைமை இன்னும் குழம்பியது. மீர் ஜும்லா தன் எஜமானான கோல்கொண்டா சுல்தானை விட்டு முகலாயர் பக்கம் போய்விட்டார். ஆனால் கர்நாடகப் பகுதி தன்னுடையது என்றார். இல்லை, என்னுடையது என்றார் சுல்தான். இதுதான் சமயமென்று ஸ்ரீரங்க ராயரின் ஆட்களும் பூந்தமல்லிப் பக்கம் திரும்பி வந்தார்கள். ஒரே வீட்டுக்கு மூன்று பேர் பத்திரத்தோடு வந்து நின்றால் குடியிருப்பவர் என்ன செய்வார்? கும்பினி யாருக்கும் பாதி கொடுக்காமல் இருக்கப் பார்த்தது.

அதோடு நின்றிருந்தால் பரவாயில்லை. எட்வர்ட் வின்டர் போன்றவர்களின் தூண்டுதலில், மீர் ஜும்லாவுக்குச் சொந்தமான ஒரு கப்பலையே கிரீன்ஹில் பிடித்து வைத்துக்கொண்டார். ஓனருக்கு வாடகை தராததோடு, அவர் வண்டியையும் எடுத்துப் பூட்டி வைத்த மாதிரி.

மீர் ஜும்லாவின் ஆட்கள் சும்மா இருப்பார்களா? 1657-இல் பூந்தமல்லியில் அதிகாரத்தில் இருந்த பாலா ராவ் படையோடு வந்து கோட்டையைச் சூழ்ந்தார். முற்றுகை மாதக்கணக்கில் நீடித்தது. கடைசியில் 1658-இல் சமரசம். பாதி சுங்கம் என்ற கணக்குக்குப் பதிலாக வருஷத்துக்கு 380 வராகன் ரொக்கமாகத் தருவது என்று முடிவானது.

இங்கேதான் முதல்முறையாகப் பங்கு என்பது வாடகையாக மாறுகிறது. ஏன் இந்த மாற்றம் முக்கியம்? பங்கு என்றால் ஓனருக்குக் கணக்குப் பார்க்கும் உரிமை உண்டு. எத்தனை மூட்டை வந்தது, எத்தனை கட்டுத் துணி போனது என்று எண்ண அவருடைய ஆள் ஊருக்குள் உட்கார வேண்டும். கும்பினிக்கு அது வேப்பங்காய். ரொக்க வாடகை என்றால் வருஷா வருஷம் பணத்தைக் கொடுத்துவிட்டுக் கதவைச் சாத்திக்கொள்ளலாம். உள்ளே என்ன சம்பாதிக்கிறோம் என்று யாரும் எட்டிப்பார்க்க முடியாது.

1200 வராகன்

மீர் ஜும்லாவின் ஆளோடு போட்ட ஒப்பந்தம் கோல்கொண்டாவைக் கட்டுப்படுத்துமா? கட்டுப்படுத்தாது என்றார்கள் கோல்கொண்டா அதிகாரிகள். 1660-களில் மறுபடியும் பழைய பாட்டு. பாதி சுங்கம் கொடு, கணக்குப் பார்க்க எங்கள் அவுல்தார் ஊருக்குள் இருப்பார், பாக்கியை எடுத்து வை.

இரு தரப்பு வாதமும் அவரவர் அளவில் நியாயமானதுதான். ஓனர் தரப்பில், மணல்வெளியாக இருந்த இடம் இப்போது பெரிய துறைப்பட்டினம், எங்கள் பங்கு எங்கே என்று கேட்கிறார்கள். வாடகைதாரர் தரப்பில், இந்த ஊர் நாங்கள் போட்ட காசில் வளர்ந்தது, நீங்கள் ஒரு செங்கல்கூட வைக்கவில்லையே என்கிறார்கள். மேற்குப் புறநகரில் காலி ஷெட்டை வாடகைக்கு எடுத்து, மின் இணைப்பு வாங்கி, தளம் போட்டுத் தொழில் நடத்தும் யாரையாவது கேட்டுப் பாருங்கள். இதே இரண்டு வாக்கியங்களை இன்றைக்கும் சொல்வார்கள்.

1672-இல் கோல்கொண்டாவின் நவாப் நெக்நாம் கானோடு ஒரு வழியாக முடிவு வந்தது. கவுலில் எழுதியபடி வருஷ வாடகை 1200 வராகன். இனி பாதிச் சுங்கக் கணக்கு கிடையாது. கோல்கொண்டா அவுல்தார் ஊருக்குள் உட்கார மாட்டார். பழைய பாக்கிக்காக 11,000 வராகன் தனியாகக் கொடுத்துத் தீர்த்தார்கள். அப்போது இங்கே கவர்னராக இருந்தவர் வில்லியம் லாங்ஹார்ன்.

380-லிருந்து 1200. மூன்று மடங்குக்கு மேல். கேட்டால் ஓனர் ஜெயித்த மாதிரி இருக்கும். ஆனால் அந்தக் கவுலில் வருஷா வருஷம் ஏற்றும் ஷரத்து இல்லை! 1672-இல் 1200, 1702-இல் 1200, 1752-இலும் 1200. எண்பது வருஷம் ஒரே வாடகை. இன்றைக்குப் பதினோரு மாத அக்ரிமென்ட்டில் ஐந்து சதவீதம், பத்து சதவீதம் என்று எழுதுகிற நம் ஊர் ஓனர்கள் நெக்நாம் கான் பக்கத்தில் இருந்திருந்தால் கையெழுத்துப் போட விட்டிருக்க மாட்டார்கள்.

லிங்கப்பாவின் வழி

வாடகையை ஏற்ற முடியாத ஓனர் என்ன செய்வார்? வேறு பெயரில் கேட்பார். 1670-களின் பிற்பகுதியில் பூந்தமல்லிச் சீமையை நிர்வாகம் செய்த பொடிலி லிங்கப்பா அதைத்தான் செய்தார். கோல்கொண்டாவில் அக்கன்னா, மாதன்னா சகோதரர்களின் செல்வாக்கு உச்சத்தில் இருந்த காலம் அது. லிங்கப்பாவுக்கு மேலிடத்துத் தொடர்பு பலமாக இருந்தது. வாடகை 1200 அப்படியே இருக்கட்டும், ஆனால் வெகுமதி, நஜர், மரியாதை என்று தனியாக வர வேண்டும் என்பது அவர் எதிர்பார்ப்பு. கவர்னர் ஸ்ட்ரெய்ன்ஷாம் மாஸ்டர் முறைப்பான ஆள். தர மாட்டேன் என்றார்.

லிங்கப்பா கையில் இருந்த ஆயுதம் சாலை. கோட்டைக்குள் நெல் விளையாது. அரிசி, விறகு, வைக்கோல், நெசவு ஊர்களிலிருந்து வரும் துணி எல்லாமே உள்நாட்டிலிருந்துதான் வர வேண்டும். அந்த வழியை மறித்தால் போதும். 1680-ஐ ஒட்டிய வருஷங்களில் லிங்கப்பா அதைச் செய்தார். சரக்கு நின்றது.

தண்ணி மோட்டாரை ஆஃப் பண்ணிவிடுவது, கரண்ட் ஃப்யூஸைப் பிடுங்குவது, வாசல் கேட்டில் இன்னொரு பூட்டுப் போடுவது. இதெல்லாம் நம் காலத்துக் கண்டுபிடிப்பு இல்லை என்பதற்காகச் சொல்கிறேன்.

கும்பினி என்ன செய்தது தெரியுமா? வேறு வீடு பார்க்கக் கிளம்பியது. 1681 கடைசியில் எலிஹு யேலைச் செஞ்சிக்கு அனுப்பினார்கள். அப்போது செஞ்சி மராட்டியர் கையில் இருந்தது. கடலூர்ப் பக்கம் இடம் கிடைக்குமா என்று பேசினார்கள். மரக்காணத்துக்குப் பக்கத்துக் கூனிமேட்டில் ஒரு கிளை போட்டார்கள். 1690-இல் தேவனாம்பட்டினம் கோட்டையை மராட்டியரிடம் கிரயத்துக்கே வாங்கிவிட்டார்கள். கோட்டையிலிருந்து பீரங்கிக் குண்டு விழும் தூரம் வரை நிலம் சொந்தம் என்பது அந்தக் கிரயத்தின் கணக்கு. குண்டு விழுந்த ஊர்கள் பிறகு குண்டு கிராமங்கள் என்றே அழைக்கப்பட்டன. இந்த முறை பாதிச் சுங்கப் பேச்சே இல்லை. ஐம்பது வருஷக் குடித்தனத்தில் கும்பினி பாடம் படித்திருந்தது.

பக்கத்து வீட்டில் நடந்தது

மதில் கட்டிய வாடகைதாரருக்கு எப்போதும் நல்லகாலம்தான் என்று நினைக்க வேண்டாம். பக்கத்திலேயே சாந்தோம் இருந்தது. போர்த்துக்கீசியர் நூறு வருஷத்துக்கும் மேலாக மதில் கட்டிக் குடியிருந்த ஊர். 1662-இல் கோல்கொண்டா அதைப் பிடித்தது. 1672-இல் பிரெஞ்சுக்காரர்கள் கப்பலில் வந்து அதைப் பறித்தார்கள். கோல்கொண்டாவும் டச்சுக்காரர்களும் சேர்ந்து முற்றுகையிட்டு 1674-இல் மீட்டார்கள். உடனே கோல்கொண்டா எடுத்த முடிவு என்னவென்றால், இந்த மதில் இருந்தால்தானே எவனாவது வந்து உட்காருவான், இடித்துத் தள்ளு என்பது. சாந்தோமின் அரண்கள் இடிக்கப்பட்டன.

லிங்கப்பா சாலையை மறித்தபோது மாஸ்டர் விட்டுக்கொடுக்காமல் நின்றதற்கு இதுவும் ஒரு காரணம் என்று நினைக்கிறேன். சுவர் போனால் எல்லாம் போகும் என்பதை நாலு மைல் தள்ளிக் கண்ணால் பார்த்தவர்கள் அவர்கள்.

வாடகைதாரரே ஓனரானால்

இதற்குள் இன்னொரு வேடிக்கையும் நடந்துகொண்டிருந்தது. கோட்டைக்கு வடக்கே நெசவாளர், வண்ணம் போடுவோர், செட்டிகள், துபாஷிகள் குடியிருந்த கருப்பர் நகரம் வளர்ந்தது. அவர்களுக்குக் கும்பினிதான் ஓனர். பூந்தமல்லியிடம் 'கூடுதலாகக் கேட்காதே' என்று சண்டை போட்ட அதே கும்பினி, 1686-இல் கவர்னர் கிஃபோர்ட் காலத்தில், கருப்பர் நகரத்துக்கு மதில் கட்ட வீட்டுக்கு வீடு வரி போட்டது.

ஊர் கொதித்தது. கடைகளை அடைத்தார்கள், வேலையை நிறுத்தினார்கள், வரியை எடு என்றார்கள். பதிலுக்கு, பணியாவிட்டால் வீட்டை இடிப்போம், ஊரைவிட்டுத் துரத்துவோம் என்று மிரட்டல் வந்தது. பாலா ராவும் லிங்கப்பாவும் கும்பினிக்குச் செய்ததைக் கும்பினி தன் குடிகளுக்குச் செய்தது. 1688-இல் சென்னை மாநகராட்சி தொடங்கியதற்குப் பின்னால் இந்த வரித் தலைவலியும் உண்டு. உள்ளூர்ப் பெரிய மனுஷர்களையும் கவுன்சிலில் உட்கார வைத்தால் வரி வசூல் சுலபமாகும் என்பது லண்டனில் ஜோசையா சைல்டின் யோசனை.

தாவூத் கான் வந்தார்

1687-இல் கோல்கொண்டா ஔரங்கசீப்பிடம் விழுந்தது. மறுபடியும் ஓனர் மாற்றம், மறுபடியும் பழைய உரிமைகளைப் புதுப்பிக்கும் வேலை. 1690-இல் முகலாயத் தளபதி ஜுல்பிகார் கான் பழைய நிபந்தனைகளை உறுதி செய்தார். 1693-இல் எழும்பூர், புரசைவாக்கம், தண்டையார்பேட்டை ஆகியவையும் கும்பினி கைக்கு வந்தன.

1702 பிப்ரவரியில் நவாப் தாவூத் கான் படையோடு வந்து ஊரைச் சூழ்ந்தார். அதற்கு முந்தைய வருஷம்தான் கவர்னர் தாமஸ் பிட் அவருக்குக் கோட்டையில் தடபுடலாக விருந்து வைத்திருந்தார். விருந்தில் உள்ளே இருக்கும் செழிப்பைப் பார்த்துவிட்டாரோ என்னவோ! இந்த முறை தானியம், ஆடுமாடு, சரக்கு எல்லாம் நின்றது. மதிலுக்கு வெளியே இருந்த கிராமங்கள்தான் முதலில் அடிபட்டன.

மூன்று மாதம் கழித்து மே மாதம் 25,000 ரூபாய்க்கு ஒப்பந்தம் ஆனது. அதில் 20,000 நவாபுக்கு, 5,000 திவானுக்கு. ஒரு வராகன் மூன்றரை ரூபாய் என்ற பிற்கால விகிதத்தை வைத்துப் பார்த்தால் வருஷ வாடகை 1200 வராகன் என்பது 4,200 ரூபாய். ஆக நவாப் மூன்று மாதத்தில் வசூலித்தது ஏறக்குறைய ஆறு வருஷ வாடகை. ஏற்ற முடியாத வாடகையை இப்படி மொத்தமாகத்தான் ஏற்ற முடிந்தது.

இதே தாவூத் கான் 1708-இல் திருவொற்றியூர், நுங்கம்பாக்கம், வியாசர்பாடி, கத்திவாக்கம், சாத்தங்காடு என்ற ஐந்து ஊர்களைக் கும்பினிக்குக் கொடுத்தார். அடுத்து வந்த நவாப் அவற்றைத் திரும்பக் கேட்டார். 1717-இல் டெல்லியிலிருந்து பரூக்சியரின் பர்மான் வந்த பிறகே அந்த வழக்கு கும்பினிக்குச் சாதகமாக முடிந்தது.

ஓனர் குடித்தனக்காரர் ஆன கதை

1740-களில் ஆற்காட்டு நவாப் பதவிக்கு நடந்த சண்டையில் முகமது அலி கும்பினியின் உதவியோடு நின்றார். உதவி என்றால் படை, படை என்றால் செலவு, செலவு என்றால் கடன். 1752-இல் அவர் சென்னைக்கான 1200 வராகன் வாடகையை முழுவதுமாகத் தள்ளுபடி செய்தார். 113 வருஷக் குடித்தனம் அன்றோடு முடிந்தது.

1763-இல் செங்கல்பட்டுச் சீமை ஜாகீராகக் கும்பினிக்கு வந்தது. வாடகை கேட்டு ஆள் அனுப்பிய பூந்தமல்லியே வாடகைதாரரின் சொத்தாகிவிட்டது. இதில் ஒரு கொசுறு என்னவென்றால், அந்த ஜாகீரைக் கும்பினியிடமிருந்து குத்தகைக்கு எடுத்தவர் அதே நவாப்தான். 1780-இல் ஹைதர் அலியின் படையெடுப்பு வரை தான் கொடுத்த நிலத்துக்குத் தானே குத்தகை கட்டிக்கொண்டிருந்தார்.

பிறகு 1790-களில் கும்பினியின் கலெக்டர் லயனல் பிளேஸ் இந்த ஜாகீரை நேரடியாக நிர்வாகம் செய்தபோது, விளைச்சலில் அரசுக்கு எவ்வளவு பங்கு, கணக்கை யார் பார்ப்பது என்று மிராசுதார்களோடு மோதினார். நிபந்தனைக்கு ஒத்துவராத பலரின் மிராசு உரிமை பறிபோனது. பாதி சுங்கத்துக்குக் கணக்குக் காட்ட மாட்டேன் என்று அடம்பிடித்தவர்கள், ஊர் ஊராகக் கணக்குக் கேட்டார்கள்.

யார் கணக்கில் எழுதுவது?

இந்த நூற்றுச்சொச்சம் வருஷத்தைத் தள்ளி நின்று பார்க்கும்போது எனக்கு ஒன்று தெளிவாகிறது. வாடகைத் தொகைக்காக இந்தச் சண்டைகள் வரவில்லை. 1200 வராகன் கும்பினிக்கு ஒரு பொருட்டே இல்லை, நவாபுக்கும் அது பெரிய வருமானம் இல்லை. ஒப்பந்தத்தில் என்ன எழுதியிருக்கிறது என்று இரண்டு பேரும் வேறு வேறாகப் படித்தால், படித்துத் தீர்ப்புச் சொல்ல இருவருக்கும் பொதுவான மூன்றாவது ஆள் இல்லை. ராயர் ஒரு தரப்பு, சுல்தான் ஒரு தரப்பு, லண்டன் இன்னொரு தரப்பு. நீதிமன்றம் என்று போய் நிற்க இடமே கிடையாது. அதனால் ஓனர் கையில் மிஞ்சியது பட்டினி போடுவது. வாடகைதாரர் கையில் மிஞ்சியது பீரங்கியும் கப்பலும்.

நாசமானது இவர்கள் இருவரின் சொத்து மட்டுமா என்றால், பெரும்பாலும் இல்லை. கோட்டைக்குள் கவர்னருக்கு மாதக்கணக்கில் தானியம் இருப்பு இருக்கும். பூந்தமல்லியில் இருந்த அதிகாரிக்கும் சோற்றுக்குக் குறைவில்லை. சாலை அடைபட்ட நாட்களில் அன்றாடம் அரிசி வாங்கிச் சமைத்த வண்ணக்காரருக்கும், துணியைக் கொண்டு சேர்க்க முடியாத நெசவாளருக்கும், எழும்பூர்க் குடியானவருக்கும்தான் அடி. அக்ரிமென்ட்டில் அவர்கள் பெயர் எங்கேயும் இல்லை.

கடைசி அடியும் அவர்களுக்கே விழுந்தது. 1746-இல் பிரெஞ்சுக்காரர்கள் சென்னையைப் பிடித்தபோது கோட்டையை ஒட்டிய பழைய கருப்பர் நகரத்தின் ஒரு பகுதியை இடித்தார்கள். ஊர் திரும்பி வந்ததும், இன்னொரு முற்றுகை வந்தால் எதிரி ஒளிய இடம் இருக்கக்கூடாது என்று மிச்சத்தைக் கும்பினியே 1757-ஐ ஒட்டி இடித்துத் தரைமட்டமாக்கியது. சென்னகேசவப் பெருமாள் கோயிலும் அதில் போனது. இன்றைக்கு ஹைகோர்ட்டும் சட்டக் கல்லூரிக் கட்டடமும் நிற்கும் நிலம் அதுதான். அங்கே திரும்பக் கட்டக்கூடாது என்று 1773-இல் நட்ட ஆறு எல்லைத் தூண்களில் ஒன்று இன்னமும் பாரிமுனையில் நிற்கிறது. ஓனரும் வாடகைதாரரும் முறையிட ஒரு கோர்ட் இல்லாமல் அடித்துக்கொண்ட ஊரில், இடிபட்ட வீடுகளின் மண் மேலேயே பிற்பாடு ஹைகோர்ட் எழுந்தது.

இன்றைக்கு

பூந்தமல்லியிலிருந்து ஸ்ரீபெரும்புதூர் போகும் சாலையில் 1990-களின் கடைசியிலிருந்து இருங்காட்டுக்கோட்டை ஹூண்டாய் தொடங்கி வரிசையாகத் தொழிற்சாலைகள். அவற்றோடு கொரியர்களும் ஜப்பானியர்களும் வந்தார்கள். வெளிநாட்டு வாடகைதாரர் இந்த வட்டாரத்துக்கு மறுபடி வந்துவிட்டார். இந்த முறை பீரங்கி இல்லாமல், கம்பெனி அக்ரிமென்ட்டோடு. ஆனாலும் பாஷை புரியாத இரண்டு பேர் ஒரே தாளில் கையெழுத்துப் போடுவது அதேதான். பெயின்ட் அடிக்கும் செலவு யாருடையது, ஏசி மாட்டச் சுவரில் போட்ட ஓட்டைக்கு அட்வான்ஸில் எவ்வளவு பிடிப்பது என்ற இடத்தில்தான் இன்றைக்கும் குரல் உயர்கிறது.

வித்தியாசம் ஒன்று இருக்கிறது. மூன்றாவது ஆள் இப்போது உண்டு. தமிழ்நாட்டில் 2017-இல் இயற்றி 2019 பிப்ரவரி 22 முதல் நடைமுறைக்கு வந்த வாடகைச் சட்டம் எழுத்துப்பூர்வ ஒப்பந்தத்தையும் அதைப் பதிவு செய்வதையும் கட்டாயமாக்குகிறது. எந்த ரிப்பேர் ஓனருடையது, எது குடியிருப்பவருடையது என்று அட்டவணையே போட்டிருக்கிறது. அய்யப்ப நாயக்கரும் டேயும் எழுத விட்டது இதைத்தான். தண்ணீர், மின்சாரம் போன்ற அத்தியாவசிய வசதிகளை இரு தரப்பில் யாரும் நிறுத்தக்கூடாது என்றும் சொல்கிறது. லிங்கப்பாவின் வழிக்கு அங்கே தடை. முறையிட வாடகை அதிகார அமைப்பும் வாடகை நீதிமன்றமும் இருக்கின்றன.

இருந்தும் பலர் பதிவு செய்வதில்லை. ஸ்டாம்ப் பேப்பரில் பதினோரு மாதம் என்று டைப் அடித்து முடித்துக்கொள்கிறார்கள். கேட்டால், 'நமக்குள்ள என்ன சார்' என்பார்கள். 1639-இலும் அப்படித்தான் இருந்தது. இரண்டு பேருமே ஒருவரை ஒருவர் ரொம்ப நம்பித்தான் கையெழுத்துப் போட்டார்கள். அடுத்த பிப்ரவரியிலேயே செலவு யாருடையது என்ற கேள்வி வந்துவிட்டது.

பூந்தமல்லிப் பக்கம் வீடு வாடகைக்கு விடுபவர்களுக்கும் எடுப்பவர்களுக்கும் நான் சொல்வது இவ்வளவுதான். வாடகைத் தொகையைப் பேசி முடித்த பிறகு எழுந்துவிடாதீர்கள். சுவர் யாருடையது, கணக்கு யார் பார்ப்பது, சண்டை வந்தால் யாரிடம் போவது, இந்த மூன்றையும் எழுதிவிட்டு எழுந்திருங்கள். கீழ் போர்ஷனில் இருப்பவருக்கும் அதே மோட்டாரில்தான் தண்ணீர் ஏறுகிறது.